லிப்ஸ்டிக் விலை 300 ரூபாயா, 2 ரூபாயா? சம்பளக்காரங்களுக்கான மேக்கப் கணக்கு



எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், இ.பி.எஃப்.ன்னு பேசிட்டு இருந்த இடத்துல திடீர்னு லிப்ஸ்டிக் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிக்கிறீங்களா? காரணம் இருக்கு.

போன மாசம் நம்ம சேனல்ல பட்ஜெட் வீடியோ போட்டப்போ, "தேவையில்லாத செலவு" என்ற பட்டியலில் மேக்கப்பையும் சேர்த்திருந்தேன். அதைப் பார்த்துட்டு, கோயம்புத்தூரில் ஒரு ஜவுளி ஷோரூமில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. "அக்கா, என் சம்பளம் 15,000. லிப்ஸ்டிக், காஜல் இல்லாம ஃப்ளோர்ல நிக்க விட மாட்டாங்க. வாங்கியும் தர மாட்டாங்க. இது தேவையில்லாத செலவா?"

நியாயமான கேள்வி. ரிசப்ஷன், ஷோரூம், பேங்க் கவுண்ட்டர், ஹெச்.ஆர்., சேல்ஸ்னு எத்தனையோ வேலைகளில் "பிரசென்டபிளா வாங்க"ன்னு சொல்றாங்க. அதுக்கான பணம் மட்டும் நம்ம பாக்கெட்டில் இருந்து போகுது. வேலைக்காக இல்லாம, நமக்குப் பிடிச்சதுக்காகப் போட்டுக்கிறவங்களும் இருக்காங்க. அதுவும் தப்பில்லை. ஆகவே, அந்தப் பட்டியலை நான் வாபஸ் வாங்கிக்கறேன். மேக்கப் தேவையில்லாத செலவு இல்லை. வாங்கி வச்சு, பாதிகூட போடாம, காலாவதி ஆனபிறகு தூக்கிப் போடுறோமே, அதுதான் தேவையில்லாத செலவு.

இந்தக் கட்டுரையில் ரெண்டு விஷயம் பார்க்கப் போறோம். ஒண்ணு, எதை வாங்கணும், எவ்வளவுக்கு வாங்கணும். ரெண்டாவது, அந்தக் கொஞ்சப் பொருளை வச்சே ஆபீஸுக்கும் சாயங்கால ஃபங்ஷனுக்கும் எப்படி ரெடி ஆகறது. முன்கூட்டியே சொல்லிடறேன், இது பெய்ட் புரமோஷன் இல்லை. யாரும் எனக்கு ஒரு சேஷே கூட அனுப்பலை.

முதல்ல என் கதை

எனக்கு முதல் வேலை கிடைச்சது சென்னை ஓ.எம்.ஆரில். கைக்கு வந்தது 22,400 ரூபாய். பி.ஜி. வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புறது எல்லாம் போக மீதி ரொம்ப கம்மி. அந்த வருஷம் தீபாவளி ஆன்லைன் சேலில் ஒரே ராத்திரியில் 6,870 ரூபாய்க்கு மேக்கப் வாங்கினேன். 18 கலர் இருக்கிற ஐ ஷேடோ பேலட், ரெண்டு ஃபவுண்டேஷன், நாலு லிப்ஸ்டிக், ஹைலைட்டர், பிரைமர், இன்னும் என்னென்னவோ. "60 சதவீதம் தள்ளுபடி"ன்னு போட்டிருந்ததால் நான் பணத்தை மிச்சம் பண்றதாவே நினைச்சுக்கிட்டேன்!

கிரெடிட் கார்டில் வாங்கினேன். பில் வந்தப்போ முழுசா கட்ட முடியல. "மினிமம் டியூ" 343 ரூபாய்தான்னு பார்த்ததும் நிம்மதியா கட்டிட்டேன். அப்புறமா கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாசம் 3.5 சதவீத வட்டின்னா 240 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. 43 ரூபாய். ஆக நான் கட்டின 343-ல் 283 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போயிடுச்சு. அசலில் குறைஞ்சது வெறும் 60 ரூபாய்.

இப்படி ரெண்டு மாசம் ஓடிச்சு. மூணாவது மாசம் ஊரில் இருந்து அம்மா போன் பண்ணாங்க. "பாப்பா, தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு 5,000 குறையுது. உன்கிட்ட இருக்குமா?"

இல்லை. கையிலும் இல்லை, கார்டிலும் எடுக்கிற நிலைமையில் இல்லை. "சரி விடு, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. வளையலை வச்சு பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு அம்மா போனை வச்சுட்டாங்க. அந்த ஒரு ஜோடி வளையல் திரும்பி வர எட்டு மாசம் ஆச்சு.

அன்னிக்கு ராத்திரி டிராயரைத் திறந்து எல்லாத்தையும் கட்டில் மேல கொட்டினேன். நான் தினமும் எடுத்துப் போட்டது ஆறே ஆறு பொருள். மீதி எல்லாம் ரெண்டு தடவை, மூணு தடவை தொட்டது. சிலதுக்கு சீல் கூட பிரிக்கலை.

எம்.ஆர்.பி.யைப் பார்க்காதீங்க, "ஒரு தடவைக்கு எவ்வளவு"ன்னு பாருங்க

அன்னிக்கு நான் கத்துக்கிட்ட கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு பொருளோட விலையை, அதை நீங்க நிஜமாகவே எத்தனை தடவை போடுவீங்களோ அந்த எண்ணால வகுக்கணும். அவ்வளவுதான்.

* 300 ரூபாய் லிப்ஸ்டிக். ஆபீஸுக்கு 150 நாள் போட்டேன். ஒரு தடவைக்கு 2 ரூபாய்.
* சேலில் 1,100 ரூபாய்க்கு வாங்கின பேலட். 18 கலரில் ரெண்டை மட்டும், நாலு தடவை தொட்டேன். ஒரு தடவைக்கு 275 ரூபாய்.
* 650 ரூபாய் ஃபவுண்டேஷன், 30 மி.லி. மாசம் ரெண்டு ஃபங்ஷனுக்கு மட்டும் போட்டால், வருஷத்துக்கு 24 தடவை. ஒரு தடவைக்கு 27 ரூபாய். அதுக்கப்புறம் பாட்டிலில் பாதி இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஏன் தூக்கிப் போடணும்? இதை நிறைய பேர் கவனிக்கிறது இல்லை. மேக்கப் டப்பாவின் பின்பக்கம் மூடி திறந்த மாதிரி ஒரு குட்டி டப்பா படம் இருக்கும். அதில் 6, 12, 24ன்னு ஒரு எண்ணும், பக்கத்தில் ஆங்கில "எம்" எழுத்தும் இருக்கும். பிரிச்ச நாளில் இருந்து அத்தனை மாசம்தான் போடலாம்னு அர்த்தம். மஸ்காரா, லிக்விட் ஐலைனர் மாதிரி கண்ணுக்குப் போடுற ஈரமான பொருட்களுக்கு ஆயுசு குறைவு. மூணு மாசத்தில் இருந்து ஆறு மாசம். ஃபவுண்டேஷன், கன்சீலர் சுமார் ஒரு வருஷம். பவுடர் வகைகள் ரெண்டு வருஷம் வரைக்கும் தாங்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியுதா? மளிகைச் சாமானில் பெரிய பாக்கெட் வாங்கினால் லாபம். மேக்கப்பில் பெரும்பாலும் நேர்மாறு. மி.லி. கணக்கில் விலை கூடுதலா தெரிஞ்சாலும், எப்பவாவது போடுற பொருளுக்கு மினி சைஸ் வாங்குறதுதான் உண்மையான லாபம். முடிக்காத பாட்டிலில் மிச்சம் இருக்கிறதுக்கும் சேர்த்துத்தான் நீங்க காசு கொடுத்திருக்கீங்க.

அப்போ எதெல்லாம் வேணும்? மாசம் 450 ரூபாய் கிட்

கீழே இருக்கிறது நான் இப்போ வச்சிருக்கிற தினசரி கிட். விலை எல்லாம் நான் கொடுத்த விலையை முழு எண்ணா மாத்தினது. உங்க ஊரில், உங்க பிராண்டில் முன்ன பின்ன இருக்கலாம்.

* சன்ஸ்கிரீன், 50 கிராம், 350 ரூபாய். ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. வருஷத்துக்கு 2,100.
* ஜெல் மாய்ஸ்சரைசர், 200 ரூபாய். மூணு மாசத்துக்கு ஒண்ணு. வருஷத்துக்கு 800.
* காம்பாக்ட் பவுடர், 250 ரூபாய். வருஷத்துக்கு ரெண்டு. 500.
* கன்சீலர், 250 ரூபாய். வருஷத்துக்கு ரெண்டு. 500.
* காஜல் பென்சில், 150 ரூபாய். மூணு மாசத்துக்கு ஒண்ணு. 600.
* லிப்ஸ்டிக், 250 ரூபாய். வருஷத்துக்கு ரெண்டு ஷேட். 500.
* ஸ்பாஞ்ச், 100 ரூபாய். மூணு மாசத்துக்கு ஒண்ணு. 400.

மொத்தம் 5,400 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாசம் 450.

இதோட சாயங்கால ஃபங்ஷனுக்கு மூணே பொருள். பிரவுன், கோல்டு ரெண்டும் இருக்கிற சின்ன ஐ ஷேடோ 300 ரூபாய். ஐலைனர் வருஷத்துக்கு ரெண்டு, 300 ரூபாய். மெரூன் மாதிரி டார்க் லிப்ஸ்டிக் ஒண்ணு, 250 ரூபாய். இது 850. ரெண்டையும் சேர்த்தால் வருஷத்துக்கு 6,250. மாசக் கணக்கில் ஏறக்குறைய 520 ரூபாய்.

கையில் 25,000 வாங்குறவங்களுக்கு இது சுமார் 2 சதவீதம். இதைத்தான் நான் "2 சதவீத ரூல்"னு வச்சிருக்கேன். கைக்கு வர்ற சம்பளத்தில் 2 சதவீதம் வரைக்கும் குற்ற உணர்ச்சியே இல்லாம செலவு பண்ணுங்க. அதுக்கு மேல போனால் எந்தப் பொருளை முடிக்காம விட்டீங்கன்னு டிராயரைத் திறந்து பாருங்க.

எங்கே கொஞ்சம் கூடுதலா கொடுக்கலாம்? சன்ஸ்கிரீனுக்கும், ஸ்கின் கலருக்கு மேட்ச் ஆக வேண்டிய கன்சீலருக்கும். ரெண்டும் முகம் முழுக்கத் தெரியுற விஷயம். எங்கே தாராளமா விலை குறைந்ததை எடுக்கலாம்? காஜல், லிப்ஸ்டிக், ஐ ஷேடோ. லாக்மே, எல் 18, மேபெலின், ஸ்விஸ் பியூட்டி, இன்சைட், நம்ம சென்னையின் ஐடெக்ஸ்னு கடையில் கை நீட்டினால் கிடைக்கிற பிராண்டுகளிலேயே நல்ல பொருள் இருக்கு. ஆயிரம் ரூபாய் லிப்ஸ்டிக்கில் பெரும்பாலும் நீங்க கூடுதலா கொடுக்கிறது டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும்தான்.

காலையில் 8 நிமிஷம்: ஆபீஸ் லுக்

நம்ம ஊரு வெயில், புழுக்கம், பஸ் கூட்டம் எல்லாத்தையும் தாண்டி ஆபீஸ் போய்ச் சேரணும். அதனால் முகம் முழுக்க ஃபவுண்டேஷன் வேண்டவே வேண்டாம். வேர்வையில் கரைஞ்சு கழுத்து ஒரு கலர், முகம் ஒரு கலர்னு ஆயிடும்.

1. முகம் கழுவி, லேசான ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். ஆயில் ஸ்கின்காரங்களும் இதை விடாதீங்க. காய்ஞ்ச தோலில் கன்சீலர் திட்டுத் திட்டா நிக்கும்.

2. சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டிலும் நீளமா ஒரு கோடு பிழிஞ்சால் எவ்வளவு வருமோ, அவ்வளவு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து. பட்டாணி அளவு வச்சால் டப்பாவில் போட்டிருக்கிற எஸ்.பி.எஃப். பாதுகாப்பு கிடைக்காது. இங்கே சிக்கனம் பார்த்தால், வாங்கின காசே வீண். தடவிட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. அந்த நேரத்தில் டிஃபன் பாக்ஸ் கட்டிடலாம்.

3. கன்சீலர். கண்ணுக்கு அடியில், மூக்கு ஓரம், பருத் தழும்பு. இந்த இடங்களில் மட்டும் புள்ளி வச்சு, ஸ்பாஞ்சை நனைச்சு நல்லா பிழிஞ்சு, தட்டித் தட்டி பரப்புங்க. தேய்க்கக் கூடாது. நம்ம மாநிறத்துக்கு கண்ணுக்குக் கீழ இருக்கிற கருவளையம் நீலமும் பிரவுனும் கலந்து தெரியும். அது மேல நேரடியா வெளிர் கன்சீலர் போட்டால் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். ஆரஞ்சு அல்லது பீச் கலர் கரெக்டரை ஒரு புள்ளி முதல்ல வச்சு, அது மேல உங்க ஸ்கின் ஷேட் கன்சீலர் வைங்க. வித்தியாசம் கண்ணாடியிலேயே தெரியும்.

4. காம்பாக்ட். நெற்றி, மூக்கு, தாடை. இந்த மூணு இடத்தில்தான் எண்ணெய் வழியும். கன்னத்துக்குத் தேவையில்லை. கண்ணுக்கு அடியிலும் லேசா ஒரு தடவை தட்டிடுங்க. காஜல் வழியாம இருக்க இதுதான் ரகசியம்.

5. காஜல். கீழ் இமையில் வழியுதுன்னு கவலைப்படுறவங்க மேல் இமை முடியோட வேர் ஓரமா மட்டும் ஒரு மெல்லிய கோடு போடுங்க. கண் பளிச்சுன்னு தெரியும், மத்தியானத்துக்கு மேல பாண்டா மாதிரி ஆகாது.

6. லிப்ஸ்டிக். ஒரு கோட் போட்டு, டிஷ்யூவை உதட்டில் ஒத்தி எடுத்து, இன்னொரு கோட். சாப்பிட்ட பிறகும் நிக்கும். விரலில் ஒட்டியிருக்கிற மிச்சத்தை ரெண்டு கன்னத்திலும் தட்டிப் பரப்புங்க. தனியா பிளஷ் வாங்குற 400 ரூபாய் மிச்சம்!

பொட்டு வைக்கிறவங்க வச்சுக்கோங்க. அவ்வளவுதான், ரெடி. எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகாது.

ஷேட் தேர்வு: அதிகப் பணம் வீணாகிற இடம்

நான் முடிக்காம விட்ட பொருட்களில் பாதி, கலர் பொருந்தாததால் விட்டது. நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் இருக்கு. நம்ம நிறத்தைவிட ரெண்டு ஷேட் வெளுப்பா எடுக்கிறது. கடையில் இருக்கிறவங்களும் "இது போட்டா பிரைட்டா இருக்கும் மேடம்"னு சொல்வாங்க. வீட்டுக்கு வந்து போட்டால் முகம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கும். அதை யாரும் திரும்பப் போட மாட்டாங்க. 500 ரூபாய் பொருள், ரெண்டு தடவை போட்டது, ஒரு தடவைக்கு 250.

சரியா எடுக்கிறது எப்படின்னா, கையில் தடவிப் பார்க்காதீங்க. தாடை எலும்பு மேல மூணு ஷேட் கோடு போட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்க. எது காணாமப் போகுதோ அதுதான் உங்க ஷேட். உடனே வாங்கிடாதீங்க. கால் மணி நேரம் வேற கடை சுத்திட்டு வாங்க. சில பொருட்கள் காற்று பட்டு, முகத்து எண்ணெயோட கலந்து ஒரு ஷேட் கருக்கும். அதுக்கப்புறமும் பொருந்தினால் வாங்குங்க.

முதல் தடவை ஆன்லைனில் வாங்காதீங்க. ஷேட் நம்பர் தெரிஞ்ச பிறகு, ஆன்லைனில் எங்கே குறைவோ அங்கே வாங்கிக்கலாம்.

சாயங்காலம் 12 நிமிஷம்: ரிசப்ஷன் லுக்

அஞ்சரைக்கு லாக் அவுட். ஏழு மணிக்கு தாம்பரத்தில் கொலீக் ரிசப்ஷன். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. எங்க ஏரியாவில் பார்ட்டி மேக்கப்னு பார்லருக்குப் போனால் 1,500 ரூபாய்க்குக் கம்மியா வாங்குறதில்லை. வருஷத்துக்கு மூணு ரிசப்ஷன்னா 4,500. மேலே சொன்ன 850 ரூபாய் கிட்டும் ஆபீஸ் ரெஸ்ட் ரூம் கண்ணாடியும் இருந்தால் போதும்.

1. காலையில் போட்டது மேல பவுடர் அடிக்காதீங்க. எண்ணெய் மேல பவுடர் பட்டால் கேக் மாதிரி திரண்டு நிக்கும். டிஷ்யூவை முகத்தில் ஒத்தி ஒத்தி எண்ணெயை எடுங்க. தேய்க்க வேண்டாம்.

2. எங்கே கலைஞ்சிருக்கோ அந்த இடத்தை மட்டும் சரி பண்ணுங்க. இயர் பட்டில் துளி மாய்ஸ்சரைசர் தொட்டு, கண்ணுக்குக் கீழ வழிஞ்ச மையைத் துடைங்க. அங்கே மட்டும் கன்சீலரைத் திரும்ப ஒத்துங்க. இப்போ லேசா காம்பாக்ட்.

3. கண்தான் சாயங்கால லுக்கின் உயிர். காஜலை மேல் இமையில் கொஞ்சம் தடிமனா போட்டு, அது காயறதுக்குள்ள இயர் பட்டால் மேல்நோக்கி லேசா கலைச்சு விடுங்க. அது மேல பிரவுன் ஐ ஷேடோ. காஜல் நகராம அது பிடிச்சுக்கும். இமையின் நடுவில் மோதிர விரலால் கோல்டு ஒரு ஒத்து. பிரஷ் தேவையில்லை, விரல் சூட்டில் கோல்டு நல்லா ஒட்டும். கடைசியா ஐலைனர், கண் ஓரத்தில் மட்டும்.

4. அதே கோல்டை விரலில் மிச்சம் இருக்கிற அளவுக்கு கன்ன எலும்பு மேல தட்டுங்க. ஹைலைட்டர் வேலை முடிஞ்சது.

5. காலை லிப்ஸ்டிக்கை கன்னத்துக்கு பிளஷ்ஷா போட்டுட்டு, உதட்டுக்கு மெரூன். ஓரத்தை முதல்ல வரைஞ்சு, பிறகு உள்ளே நிரப்புங்க. டிஷ்யூ ஒத்தி, மறுபடி ஒரு கோட். கண், உதடு ரெண்டும் அழுத்தமா இருந்தால் மத்ததெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க.

6. கிளம்புறதுக்கு முன்னாடி ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுங்க. வெள்ளையா இருக்கிற சில லூஸ் பவுடர்கள் கண்ணாடியில் தெரியாது. மேடையில் ஃபிளாஷ் அடிச்சதும் முகத்தில் வெள்ளைத் திட்டா விழும். கல்யாண ஆல்பத்தில் அது நிரந்தரமா இருக்கும்!

ராத்திரி எவ்வளவு அசதியா இருந்தாலும் கழுவாம படுக்காதீங்க. தனி மேக்கப் ரிமூவர் இல்லைன்னா தேங்காய் எண்ணெய் போதும். கையில் சூடு பறக்கத் தேய்ச்சு, முகத்தில் தடவி, ஈரத் துணியால் துடைச்சுட்டு ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவுங்க. பரு அதிகம் வர்றவங்களுக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துக்காது. அவங்க மைசெல்லர் வாட்டர் வாங்கி வச்சுக்கலாம். ஸ்பாஞ்சை வாரம் ஒரு தடவை ஷாம்பூ போட்டுக் கழுவிக் காய வைங்க. பரு வந்து டாக்டர்கிட்ட போனால் ஒரே கன்சல்டேஷனில் ஒரு வருஷ லிப்ஸ்டிக் காசு போயிடும்.

இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்

விலை குறைவா வாங்குங்கன்னு சொன்னேன். எது கிடைச்சாலும் வாங்குங்கன்னு சொல்லலை. லேபிளில் நாலு விஷயம் இருக்கணும்: தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எந்தத் தேதிக்குள் பயன்படுத்தணும் என்ற விவரம். வெளிநாட்டுப் பொருள்னா இறக்குமதியாளர் பெயரும் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்கணும். ஆயிரம் ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட பொருளை பிளாட்பாரத்தில் 150-க்கு கொடுத்தால், அது தள்ளுபடி இல்லை, டூப்ளிகேட்.

"ஏழே நாளில் வெள்ளை"ன்னு விற்கிற, லேபிளே சரியா இல்லாத க்ரீம் பக்கமே போகாதீங்க. 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் போட்டவங்களுக்கு சிறுநீரக பாதிப்பு வந்ததை டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க. காரணம் பாதரசம். வேற சில க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் மாசம் பளபளன்னு இருக்கும், நிறுத்தினதும் தோல் மெலிஞ்சு, சிவந்து, எரியும். 100 ரூபாய் க்ரீமுக்காக நெஃப்ராலஜிஸ்ட் வாசலில் உட்கார்றது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை. நம்ம நிறம் நல்ல நிறம்தாங்க. மேக்கப் அதை எடுப்பாக் காட்டத்தான், மறைக்க இல்லை.

புதுப் பொருள் எதுவா இருந்தாலும் முழங்கை உள்பக்கம் தடவி, ஒரு நாள் பார்த்துட்டு முகத்துக்குப் போடுங்க. ரூம்மேட்டோட கிட்டைப் பகிர்ந்துக்காதீங்க, முக்கியமா காம்பாக்ட் பஃப், காஜல், மஸ்காரா.

சேல் வலைகள் மூணு

"499-க்கு மேல டெலிவரி இலவசம்." கார்ட்டில் 340 ரூபாய் இருக்கும். டெலிவரி 50 ரூபாயை மிச்சம் பண்ண 180 ரூபாய் நெயில் பாலிஷைச் சேர்ப்போம். 50 ரூபாயைக் காப்பாத்த 180 செலவு. பேசாம 50-ஐக் கட்டுங்க, இல்லைன்னா ரூம்மேட்டோட சேர்த்து ஆர்டர் பண்ணுங்க.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ." வட்டி இல்லைன்னு போட்டிருந்தாலும் பிராசஸிங் ஃபீஸ் இருக்கலாம், வட்டிப் பகுதி மேல ஜி.எஸ்.டி.யும் விழும். "பே லேட்டர்" தவணையைத் தவறவிட்டால் அபராதம் ஒரு பக்கம், சிபில் ஸ்கோர் அடி ஒரு பக்கம். நாளைக்கு வீட்டு லோன் கேட்கும்போது ஒரு லிப்ஸ்டிக் குறுக்கே வந்து நிக்கக் கூடாது. ரூல் இதுதான்: அழகுசாதனத்தைக் கடனில் வாங்காதீங்க.

"2 வாங்கினால் 1 இலவசம்." உங்க கையில் ஏற்கெனவே ரெண்டு லிப்ஸ்டிக் ஓடிட்டு இருந்தால், மூணாவது காலாவதி ஆகத்தான் வருது. ஒண்ணு முடிஞ்சால்தான் இன்னொண்ணு.

சும்மா ஒரு வரிக் கணக்கும் சொல்றேன். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தப்பவே டப்பாவில் வர்ற கண்மை, குங்குமம், பொட்டுக்கு வரி இல்லைன்னு வச்சாங்க. அதே மை பென்சில் வடிவத்தில் வந்தால் 18 சதவீதம்! ஃபேஸ் பவுடர், டால்கம் பவுடருக்கு 2025 செப்டம்பர் 22-ல் இருந்து 18 சதவீதம் 5 ஆகக் குறைஞ்சிருக்கு. அதுக்கப்புறம் தயாரான டப்பாவிலும் பழைய விலையே இருந்தால் பக்கத்து பிராண்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.

கோயம்புத்தூர் தங்கச்சிக்கு

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். உங்களுக்கு காஜல், ரெண்டு லிப்ஸ்டிக், காம்பாக்ட், மாய்ஸ்சரைசர். இந்த நாலு போதும். வருஷத்துக்கு 2,400, மாசம் 200 ரூபாய். சன்ஸ்கிரீன் சேர்த்தால் 375. உங்க சம்பளத்தில் 2 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுது, ஆனாலும் இதை பஸ் பாஸ் மாதிரி வேலைச் செலவுன்னு எழுதுங்க. வீண் செலவுன்னு எழுதாதீங்க.

இன்னொண்ணு. யூனிஃபார்ம் கொடுக்கிற இடத்தில், கட்டாயமாக்குற மேக்கப்புக்கும் மாசம் ஒரு தொகை கேட்கிறது நியாயம்தான். தனியா கேட்கத் தயக்கமா இருந்தால், ஃப்ளோரில் இருக்கிற பத்து பேரா சேர்ந்து சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கேட்காம விட்டால் நிச்சயமா கிடைக்காது.

படிக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் உங்களுக்கும்தான். வீட்டில் அக்கா, தங்கச்சி, மனைவி மேக்கப் வாங்கினால் "வெட்டிச் செலவு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, உங்க டிராயரில் கிடக்கிற ரெண்டு பழைய இயர்போனையும் ஒரு ஸ்மார்ட் வாட்சையும் எத்தனை தடவை போட்டீங்கன்னு ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்க.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை

டிராயரை கட்டில் மேல கொட்டுங்க. மூணு குவியல் போடுங்க. தினமும் போடுறது, எப்பவாவது போடுறது, தொடாதது. தொடாத குவியலோட விலையைக் கூட்டி ஒரு பேப்பரில் எழுதி டிராயருக்குள்ளேயே ஒட்டுங்க. என் பேப்பரில் 4,900ன்னு இருக்கு. அன்னிக்கு அம்மா கேட்டது 5,000.

அம்மா அடகுக்கடைக்குக் கிளம்பின அன்னிக்கு நடந்ததை தங்கச்சி பின்னாடி ஒரு நாள் சொன்னா. முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வச்சு, தலை சீவிட்டுத்தான் அம்மா போனாங்களாம். அந்த பவுடர் டப்பாவை அம்மா தட்டித் தட்டி கடைசி வரைக்கும் காலி பண்ணுவாங்க. அம்மா போட்டுக்கிட்டதும் மேக்கப்தான். அதை வீண் செலவுன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போ என் மேக்கப் காசு மாசம் 500 ரூபாய் தனி அக்கவுண்ட்டில் போகுது. அதே தேதியில் அம்மா பேரில் ஒரு ஆர்.டி.யும் போகுது. ரெண்டும் இதுவரைக்கும் நிக்கலை.

உங்க டிராயர் கணக்கு எவ்வளவு வந்துச்சுன்னு எழுதுங்க. ரெஸ்ட் ரூம் கண்ணாடி முன்னாடி 12 நிமிஷத்தில் ரெடி ஆகறதை அடுத்த வீடியோவில் டைமர் வச்சே செஞ்சு காட்டறேன். அடுத்த வாரம் சந்திப்போம்.